ஐந்தும் பத்தும்

கோதுமை மணியைக் குறுக்கே இரண்டாக வெட்டி, முளை இருக்கும் பாதியை எண் எழுதிய காகித உறையில் போட்டு வைத்துவிட்டு, மறுபாதியை நசுக்கிப் பார்ப்பதுதான் பல ஆண்டுகளாக என் வேலை. வட இந்தியாவில், கோதுமை வயல்களுக்கு நடுவே அமைந்த ஒரு தர ஆய்வுக்கூடத்தில் அதைச் செய்தேன். முளையுள்ள அரை மணியை மண்ணில் ஊன்றினால் குறையில்லாத செடியாகவே வளர்ந்து கதிர் தள்ளும். அதனால் ஒரே மணியைச் சோதிக்கவும் முடிகிறது, விதைக்கவும் முடிகிறது. ரகம் உருவாக்கும் விஞ்ஞானிகள் இரண்டு ரகங்களைக் கலப்பு செய்து, பிரிந்து வரும் தலைமுறையின் விதைகளைப் பொட்டலம் பொட்டலமாகக் கொண்டுவந்து தருவார்கள். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்பதை நசுக்கிய பாதி சொல்லிவிடும்.

மணியின் எடையில் சுமார் 10 முதல் 14 சதவீதம் புரதம். அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சேமிப்புப் புரதம். முளைக்கப்போகும் குருத்துக்கு வேண்டிய நைட்ரஜனைச் செடி கட்டி வைக்கும் இருப்பு அது. கோதுமை தனக்காகச் சேர்த்த இந்த இருப்புதான் மனிதனுக்கு ரொட்டியும் பரோட்டாவும் ஆனது. ஒரு பிடி மைதாவைப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிட்டு, குழாயடியில் மெதுவாகக் கசக்கிப் பாருங்கள். மாவுச்சத்து பாலாக ஓடிவிடும். விரல்களுக்கிடையில் சாம்பல் கலந்த மஞ்சளில், மெல்ல மெல்ல இறுகும் ரப்பர் போன்ற ஒன்று மிஞ்சும். அதுதான் குளூட்டன். இதே காரியத்தை இத்தாலியின் பொலோன்யா நகரத்தில் பெக்காரி என்ற அறிஞர் செய்து 1728-ல் விளக்கினார். 1745-ல் அது அச்சானது. கனெக்டிகட்டில் வேலை பார்த்த தாமஸ் ஆஸ்போர்ன் 1907-ல் கோதுமை மணியின் புரதங்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். எந்தக் கரைசலில் எது கரைகிறது என்பதை வைத்து அவர் பிரித்த வகைகளையே இன்றும் பயன்படுத்துகிறோம். சாராயத்தில் கரைவது கிளையடின். அது மாவுக்கு இழுவை தருகிறது. கரையாமல் பிடிவாதமாக நிற்பது குளூட்டனின். அது மாவுக்குத் திமிறல் தருகிறது. இரண்டும் எந்த அளவில் சேர்கின்றன என்பதில்தான் ஒரு ரகத்தின் தலையெழுத்து இருக்கிறது.

நான் பார்த்த வேலையின் அடித்தளத்தைப் போட்டவர் கேம்பிரிட்ஜில் பயிர்ப்பெருக்க நிறுவனத்தில் இருந்த பீட்டர் பெய்ன். 1970-களின் இறுதியிலிருந்து அவரும் அவருடைய குழுவினரும் குளூட்டனினைத் துண்டு துண்டாகப் பிரித்து, மூலக்கூறு எடை அதிகமான சில துணை அலகுகளுக்கு எண் கொடுத்தார்கள். ரொட்டிக் கோதுமைக்குள் மூன்று புல் இனங்களின் மரபணுத் தொகுதிகள் சேர்ந்திருக்கின்றன: ஏ, பி, டி. ஆகவே ஒரு பயிர்தான் என்றாலும் குரோமோசோம்கள் 42. ஒவ்வொரு தொகுதியிலும் முதலாம் குரோமோசோமின் நீண்ட கையில் இந்தப் பெரிய குளூட்டனின்களுக்கான இரண்டு மரபணுக்கள் அருகருகே உட்கார்ந்திருக்கின்றன. மொத்தம் ஆறு மரபணுக்கள். ஆனால் எந்த ரொட்டிக் கோதுமையிலும் ஆறும் வேலை செய்வதில்லை. மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து. இந்தப் புரதங்கள் சேமிப்புப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். என்றாலும் பிரிட்டனில் விளைந்த ரகங்களின் ரொட்டித் தர வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை இவற்றைக் கொண்டே விளக்க முடியும் என்று பெய்ன் குழு காட்டியது. டி தொகுதியில் 5+10 என்ற இணை இருந்தால் நான்கு மதிப்பெண். 2+12 இருந்தால் இரண்டு. மூன்று தொகுதிக்கும் சேர்த்து முழு மதிப்பெண் பத்து. உலகம் முழுக்கப் பிரீடர்கள் இந்த மதிப்பெண்ணைப் பேசுகிறார்கள். எங்கள் கூடத்திலும் காலையில் முதல் கேள்வி, "ஐந்து பத்து வந்ததா?" என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு விடை தேடும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நசுக்கிய அரை மணியை எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளும் மெர்காப்டோஎத்தனாலும் கலந்த கரைசலில் ஊறவைப்போம். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் கந்தகப் பாலங்களை மெர்காப்டோஎத்தனால் அறுத்துவிடும். அதன் நாற்றம் சட்டையில் ஏறினால் துவைத்தாலும் போகாது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து போய்விடுவார். கரைசலைச் சூடாக்கி, தெளிந்த நீரை எடுத்து, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே உறையவைத்த ஜெல்லின் குழிகளில் சொட்டுச் சொட்டாக இறக்குவோம். மின்சாரம் பாய்ச்சினால் சிறிய புரதங்கள் வேகமாகக் கீழே ஓடும். பெரியவை மேலேயே தயங்கும். இரவு முழுக்க மெதுவாக ஓடவிட்டு, பிறகு கம்பளிக்குச் சாயம் போடுவதற்காக உருவாக்கப்பட்ட கூமாசி நீலத்தில் ஊறவைத்தால், புரதம் இருக்கும் இடமெல்லாம் நீலப் பட்டைகள் எழும்.

பட்டைகளைப் படிப்பது பழக்கத்தில் வருவது. மேலே 2, 2 நட்சத்திரம், 5 ஆகிய மூன்றும் நெருக்கியடித்து நிற்கும். புதியவர்கள் அங்கே தடுமாறுவார்கள். நான் சொல்லிக்கொடுப்பது இது: மேலே பார்த்து மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே, கீழே பார். 5 எங்கே போனாலும் 10 கூடவே போகும். 2 எங்கே போனாலும் 12 கூடவே போகும். இணை மரபணுக்கள் அவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அவை பிரிவது அபூர்வம். 12 எல்லாவற்றுக்கும் கீழே தனியாகத் தெரியும். அது இருந்தால் மேலே நிற்பது 2 என்று தீர்ந்துவிடும். ஒவ்வொரு ஜெல்லிலும் ஒரு வரிசையை அளவுகோலாக 'சைனீஸ் ஸ்பிரிங்' என்ற ரகத்துக்கு ஒதுக்குவோம். அதன் கணக்கு எல்லாருக்கும் தெரியும்: ஏ-யில் ஒன்றுமில்லை, பி-யில் 7+8, டி-யில் 2+12. ரொட்டிக்கு லாயக்கில்லாத கோதுமைதான். ஆனால் 2018-ல் உலக விஞ்ஞானிகள் கூடி முழு மரபணுத் தொகுதியையும் வரிசைப்படுத்தி வெளியிட்டது இந்த ரகத்துக்குத்தான். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள்!

பட்டை இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பழகிய கண், பட்டையின் தடிமனைக் கவனிப்பதில்லை. என் கவனத்தை அங்கே திருப்பியது கனடாவின் 'கிளென்லீ' ரகம். அதை ஓட்டிய வரிசையில் 7-ஆம் எண் பட்டை மட்டும் மை கொட்டினதுபோல் கனத்துத் தெரிந்தது. எண் அதே 7 தான். மற்ற ரகங்களில் இருப்பதுதான். அந்த ரகத்தில் அந்த மரபணு இரட்டித்துப் போயிருக்கிறது என்பதை ஆய்வாளர்கள் பின்னால் கண்டுபிடித்தார்கள். குரோமோசோமின் ஒரு துண்டு அப்படியே இரண்டாவது தடவையும் எழுதப்பட்டுவிட்டது. அதன் மாவு அசாத்திய முறுக்கு கொண்டது. எந்தப் புரதம் என்பது போலவே எவ்வளவு புரதம் என்பதும் மரபணுவின் கையில் இருக்கிறது என்பது அப்போது உறைத்தது. அதற்குப் பிறகு என் வேலை பட்டையை எண்ணுவதிலிருந்து, அந்தப் பட்டையை யார் எழுதுகிறார்கள், எப்போது எழுதுகிறார்கள், எப்போது நிறுத்துகிறார்கள் என்று தேடுவதாக மாறியது.

கோதுமையின் வேரிலும் இலையிலும் தண்டிலும் இதே மரபணுக்கள் இருக்கின்றன. ஆனால் அங்கே ஒரு துளி குளூட்டனினும் உண்டாவதில்லை. மணியின் மாவுப் பகுதியான கருவூணில் மட்டும், அதுவும் பூத்துச் சில நாட்கள் கழித்துத்தான் அவை விழித்துக்கொள்கின்றன. இலையில் இந்த மரபணுக்களின் முன்பகுதி மீத்தைல் குழுக்களால் பூட்டப்பட்டிருக்கிறது. கருவூண் வளரும்போது அந்தப் பூட்டை ஒரு நொதி கழற்றுகிறது. கழற்றிய பிறகும் யாராவது வந்து சொடுக்க வேண்டும். மரபணுவுக்கு முன்னால், சுமார் 300 எழுத்துகள் தள்ளி, 'கருவூண் பெட்டி' என்று நாங்கள் சொல்லும் ஒரு சிறு வரிசை இருக்கிறது. அதில் இரண்டு குறிகள். ஒன்றில் வந்து அமர்வது எஸ்.பி.ஏ. என்ற புரதம், 1997-ல் கோதுமையில் அடையாளம் காணப்பட்டது. இன்னொன்றில் அமர்வது பி.பி.எஃப். என்ற புரதம். இவர்கள் மட்டுமல்ல. காமிப் என்ற ஒருவர் வந்து, டி.என்.ஏ. சுற்றியிருக்கும் புரத உருளைகளைத் தளர்த்தும் நொதியைக் கூப்பிட்டுக்கொள்கிறார். 2021-ல் வெளியான ஆய்வில் என்.ஏ.சி.019 என்ற இன்னொருவர் புரதத்தையும் மாவுச்சத்தையும் சேர்த்தே கவனித்துக்கொள்வது தெரிந்தது. எஸ்.பி.ஏ.-வோடு ஜோடி சேர்ந்து அதன் வேலையைக் கெடுத்து அடக்கி வைக்கும் புரதமும் உண்டு. ஏற்றுபவரும் இறக்குபவரும் சேர்ந்து நின்றால்தான் அளவு சரியாக வருகிறது.

இதையெல்லாம் மணிக்குள் நடக்கும்போதே பிடிக்க வேண்டும் என்றால் வயலுக்குப் போகாமல் முடியாது. மகரந்தப்பை வெளியே தொங்கத் தொடங்கும் அன்றே அந்தக் கதிரின் கழுத்தில் நூல் கட்டி நாளைக் குறித்துவிட வேண்டும். கதிர் முழுதும் ஒரே நாளில் பூக்காது. நடுப்பகுதிதான் முதலில் பூக்கும். ஆகவே நடுவிலிருந்து மட்டும் மணி எடுப்போம். பத்தாம் நாள் மணியை விரலால் அழுத்தினால் தண்ணீராகப் பீச்சும். அப்புறம் பால் பிடிக்கும், பிறகு மெழுகு போல் இறுகும். கொய்த கையோடு மணியைத் திரவ நைட்ரஜன் குடுவையில் போட வேண்டும். இல்லையென்றால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். கூடத்துக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்த தொல்லை மாவுச்சத்து. மணி முற்ற முற்ற மாவுச்சத்து ஏறி, ஆர்.என்.ஏ. பிரிக்கும் கரைசலைக் கஞ்சியாக்கிவிடும். இலைக்கு நன்றாகப் பலிக்கும் முறை மணிக்குப் பலிக்காது. இதற்கென்று தனி முறைகளைக் கைப்பழக்கமாக வைத்திருக்கிறோம். இந்த வேலை செய்கிறவர்களுக்கு மார்ச் மாதம் விடுமுறை கிடையாது.

இப்படிச் சொடுக்கும் புரதம் ஒன்று அணைந்துபோனால் என்ன ஆகும்? மக்காச்சோளத்தில் 1964-ல் ஒரு பெரிய சேதி வந்தது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் மெர்ட்ஸ், பேட்ஸ், நெல்சன் மூவரும் 'ஒபேக்-2' என்ற மாற்றம் கொண்ட மக்காச்சோளத்தில், சேமிப்புப் புரதம் குறைந்து லைசின் என்ற அத்தியாவசிய அமினோ அமிலம் ஏறியிருப்பதைக் கண்டார்கள். பிற்பாடு, ஒபேக்-2 என்பது எஸ்.பி.ஏ.-வின் உறவுக்கார மரபணுவே என்று தெரிந்தது. ஒரு சொடுக்கியை அணைத்ததில் புரதக் கலவையே மாறிவிட்டது. அந்த வழியில் நல்ல புரத மக்காச்சோளத்தை உருவாக்கிய சுரீந்தர் வாசல், எவாஞ்செலினா வியெகாஸ் இருவருக்கும் 2000-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. கோதுமையில் ஏன் அப்படி நடக்கவில்லை என்று மாணவர்கள் கேட்பார்கள். ஏ-யில் ஒரு சொடுக்கி பழுதானால் பி-யிலும் டி-யிலும் உள்ள அதன் உடன்பிறப்புகள் வேலையைத் தாங்கிக்கொள்ளும். மூன்றையும் சேர்த்துத் தேடிப் பிடித்து அணைத்தால்தான் விளைவு தெரியும். கோதுமையின் மூன்று தொகுதிகள் அதற்கு வலிமை, ஆய்வாளருக்குச் சோதனை.

இயற்கையே அணைத்து வைத்த ஒன்று நம் நாட்டில் இருந்தது. 'நாப் ஹால்' என்ற இந்திய நாட்டு ரகம். புரதம் அதிகம் என்று நெப்ராஸ்காவின் விஞ்ஞானிகள் 1960, 70-களில் அதைத் தங்கள் கலப்புகளில் பயன்படுத்தினார்கள். அதன் ஜெல்லைப் பார்த்தால் டி தொகுதியின் இடம் வெறுமையாக இருக்கும். 5-உம் இல்லை, 2-உம் இல்லை, 10-உம் இல்லை, 12-உம் இல்லை. ரொட்டிக்குப் பார்த்தால் இது பெரிய குறை. பிஸ்கட்டுக்குப் பார்த்தால் இதைவிடப் பெரிய வரம் இல்லை. பிஸ்கட் மாவு அடுப்பில் தளர்ந்து பரவ வேண்டும். திமிறி எழுந்தால் கல்லாகிவிடும். உலகின் பெரிய பிஸ்கட் உற்பத்தி நாடுகளில் ஒன்றான இந்தியாவில், பிஸ்கட்டுக்கென்றே ரகம் இல்லாத குறையைத் தீர்க்க இந்த நாப் ஹாலின் வெறுமையை நம் விஞ்ஞானிகள் பிற ரகங்களுக்குள் ஏற்றினார்கள். நல்ல புரதம், கெட்ட புரதம் என்று ஒன்று கிடையாது. எந்தப் பண்டத்துக்கு என்பதுதான் கேள்வி. இதை நான் எத்தனை பயிற்சி வகுப்புகளில் சொல்லியிருந்தாலும் இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதிகம் என்பதும் நல்லதல்ல. 1990-களில் 5-ஆம் எண் மரபணுவின் கூடுதல் பிரதிகளை மரபணு மாற்றத்தால் ஏற்றிய கோதுமைகள் உருவாக்கப்பட்டன. சிலவற்றின் மாவு அத்தனை இறுகிப்போனது. கலக்கும் கருவியால் சரியாகப் பிசையவே முடியவில்லை. நம் சப்பாத்தியும் இதையே சொல்லும். 1965-ல் வெளியான சி 306 ரகத்தை இன்றும் வட இந்தியக் குடும்பங்கள் விலை கொடுத்துத் தேடுகின்றன. சப்பாத்திக்கு நடுத்தர முறுக்கு போதும். அளவு மீறினால் தேய்த்த வட்டம் சுருங்கிக்கொள்ளும். ஆறினதும் தோல் மாதிரி ஆகிவிடும்.

விடுமுறையில் விருதுநகர் போகும்போது ஒரு கடையில் பரோட்டா மாஸ்டரோடு பேசிக்கொண்டிருப்பேன். அவர் கையால் விசிறும்போது மாவு கண்ணாடிபோல் மறுபக்கம் தெரிய விரியும். "சார், போன வாரம் வந்த மூட்டை வீசவே விடலை, கிழிஞ்சு கிழிஞ்சு போச்சு. இந்த மூட்டை தங்கம். ரெண்டும் ஒரே கம்பெனி, ஒரே விலை. எப்படி சார்?" என்று ஒருமுறை கேட்டார். "அண்ணே, மில்லுக்குள்ள போன கோதுமை வேற வேற ஊர்லேருந்து வந்திருக்கும்ணே" என்றேன். பிசைந்த மாவுக்கு எண்ணெய் தடவி ஈரத்துணி போட்டு அவர் மணிக்கணக்கில் ஊறவைப்பது எதற்கு என்பதை எங்கள் கூடத்துக் கருவிகள் வரைந்து காட்டும். கந்தகப் பாலங்கள் இடம் மாறி அமர நேரம் வேண்டும். பிசைந்த வேகத்தில் திமிறி நின்ற குளூட்டனின் அந்த நேரத்தில்தான் தளர்ந்து, இழுவைக்கு இணங்குகிறது. சம்பா கோதுமை ரவையில் கஞ்சியும் உப்புமாவும் அருமையாக வரும், பரோட்டா வராது. நம் பக்கத்தில் சம்பா என்று வழங்கும் டைகாக்கம் வகையில் டி தொகுதியே கிடையாது. நீலகிரியில் வெலிங்டனிலுள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிளையம் 'நீலகிரி கப்லி' என்ற பெயரில் இந்த வகையில் குட்டைச் செடி ரகம் ஒன்றைத் தந்திருக்கிறது.

வெலிங்டனுக்கு வேறொரு காரணத்துக்காகவும் போயிருக்கிறேன். நீலகிரி, பழனி மலைகளில் கோடையிலும் துரு நோய்ப் பூஞ்சை உயிரோடு இருந்து, பிறகு காற்றில் வடக்கே பரவுகிறது என்பதை ஆக்ராவில் இருந்த கே.சி. மேத்தா அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்தார். அதனால்தான் துரு எதிர்ப்பு ஆய்வு அங்கே நடக்கிறது. துருவை எதிர்க்க உலகம் முழுக்கப் பயன்பட்ட ஒரு வழி, கோதுமையின் 1பி குரோமோசோமின் குட்டைக் கையை எடுத்துவிட்டு, ரை என்ற தானியத்தின் கையை ஒட்டவைப்பது. 1990-களின் நடுவில் வந்து வட இந்தியாவை ஆண்ட பி.பி.டபிள்யூ. 343-இல் இந்த ஒட்டு இருக்கிறது. மகசூலும் கொடுத்தது, நோயையும் தாங்கியது. ஆனால் எடுத்த கையோடு சில குளூட்டனின், கிளையடின் மரபணுக்களும் போய்விட்டன. அவற்றின் இடத்தில் ரையின் செக்கலின் புரதம் வந்து உட்கார்ந்து, மாவு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். துரு பார்க்கிறவரும் தரம் பார்க்கிறவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டியதன் அவசியத்தை இந்த ஒரு குரோமோசோம் கை எனக்குக் காட்டியது.

இனி, மணிக்குள் வந்து சேரும் நைட்ரஜனின் கதை. 1906-ல் ஆரோன் ஆரோன்சோன் என்ற தாவரவியலாளர் பாலஸ்தீனத்தின் ரோஷ் பினாவில், பாறை இடுக்கில் காட்டு எம்மர் கோதுமையைக் கண்டார். அந்தக் காட்டு இனத்தின் ஒரு மாதிரியில் புரதத்தை உயர்த்தும் மரபணு இருப்பது பிறகு தெரிந்தது. கிறிஸ்டோபால் உவாயும் ஹோர்ஹே டுப்கோவ்ஸ்கியும் அவர்களுடைய கூட்டாளிகளும் 2006-ல் அதைப் பிரித்தெடுத்து என்.ஏ.எம்.-பி1 என்று பெயர் வைத்தார்கள். அது மணியில் எந்தப் புரதத்தையும் தானே உண்டாக்குவதில்லை. கதிருக்குக் கீழே நிற்கும் கண்ணாடி இலையிடம், பழுக்கும் காலம் வந்துவிட்டது, வைத்திருப்பதை மணிக்கு இறக்கு என்று சொல்கிறது. இலை சீக்கிரம் பழுக்கிறது. அதிலுள்ள நைட்ரஜனும் இரும்பும் துத்தநாகமும் கதிருக்கு ஏறுகின்றன. இந்த வகை மரபணுக்களை ஒடுக்கிய செடிகளில் இலை பழுப்பது மூன்று வாரத்துக்கு மேல் தள்ளிப்போனது. மணியில் புரதமும் துத்தநாகமும் இரும்பும் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. நாம் இன்று பயிரிடும் பெரும்பாலான கோதுமைகளில் இந்த மரபணு செயலற்றுக் கிடக்கிறது. அதைத் திரும்ப ஏற்றும் வேலை இந்தியாவிலும் நடந்திருக்கிறது. நான் அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன், ஒரு எச்சரிக்கையோடு: இலை சீக்கிரம் பழுப்பது வெப்பம் முந்தி வரும் பகுதிகளில் மணியின் எடையைக் குறைக்கக்கூடும். இடம் பார்த்து ஏற்ற வேண்டும்.

மரபணு சொல்வதை வயலும் திருத்தி எழுதுகிறது. பூக்கும் சமயத்தில் கொஞ்சம் யூரியா தெளித்தால் புரதம் ஏறும். ஆனால் மண்ணில் கந்தகம் இல்லையென்றால், கந்தகம் வேண்டாத ஒமேகா கிளையடினைச் செடி அதிகமாகவும், கந்தகம் வேண்டியவற்றைக் குறைவாகவும் செய்கிறது. நைட்ரஜனை மட்டும் அளந்து 5.7-ஆல் பெருக்கும் கெல்டால் முறைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஒரே 12 சதவீதம் காட்டிய இரண்டு மாதிரிகளை எஸ்.டி.எஸ். கரைசலில் குலுக்கி அளவுக்குழாயில் நிற்கவைத்துப் பார்த்திருக்கிறேன். ஒன்று 35 மில்லியில் படிந்துவிட்டது. முறுக்குள்ள மற்றொன்று 60-ஐத் தாண்டிப் பஞ்சுபோல் பொங்கி நின்றது. சதவீதம் என்ற எண்ணை மட்டும் நம்புகிறவர்களை அந்தக் குழாய்களுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துவேன்.

2022 மார்ச் இந்தியாவில் அதுவரை பதிவானவற்றிலேயே வெப்பமான மார்ச். பால் பிடிக்கும் பருவத்தில் அனல் வீசியது. மாவுச்சத்து நிரம்பாமல் மணி சுருங்கியது. அதனாலேயே புரத சதவீதம் கூடிக் காட்டியது. கடும் வெப்பத்தில் கிளையடின் தொடர்ந்து உண்டாகும். குளூட்டனின் கோத்துக்கொண்டு பெரிய பின்னலாவது தடைபடும். எண் ஏறும், முறுக்கு இறங்கும். அந்த மே மாதம் ஏற்றுமதியை அரசு நிறுத்தியது. பஞ்சாப், அரியானாவில் சுருங்கிய மணிக்கான கொள்முதல் வரம்பை 6 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகத் தளர்த்தியது. விவசாயியைக் காப்பாற்ற அது தேவைதான்.

அந்த ஆண்டு ஒரு விவசாயி தன் வீட்டு மாதிரியைக் கொண்டுவந்து சோதிக்கச் சொன்னார். குழாயில் அருமையாகப் பொங்கியது. "டாக்டர் சாப், இது நல்ல கோதுமை என்கிறீர்கள். மண்டியில் பக்கத்து வண்டிக்காரனுக்கும் எனக்கும் ஒரே விலைதானே?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கொள்முதல் விதியில் அந்நியப் பொருள், சேதமான மணி, சுருங்கிய மணி, ஈரப்பதம் ஆகியவற்றுக்கு வரம்பு இருக்கிறது. புரதத்துக்கு ஒரு வரிகூட இல்லை. 2025-26 பருவத்துக்கு அறிவித்த விலை குவின்டாலுக்கு 2,425 ரூபாய்; நல்ல முறுக்குள்ள கோதுமைக்கும் அதுதான் கிடைத்தது, தண்ணீராகப் படியும் கோதுமைக்கும் அதுதான் கிடைத்தது. கனடாவில் புரதம் பார்த்து விலை கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் உயர்தரக் கோதுமைக்கு 13 சதவீதப் புரதம் இருந்தே ஆக வேண்டும். அங்கெல்லாம் விவசாயி ரகத்தையும் உரத்தையும் பண்டத்துக்கு ஏற்பத் தேர்கிறார். நாங்கள் கூடத்தில் அரை மணி அரை மணியாகத் தேர்ந்த ரகங்களை இங்கே எல்லாவற்றோடும் ஒரே குவியலில் கொட்டிவிடுகிறோம்.

அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்யும் சிறிய கருவி ஒரு நிமிடத்தில் மணியின் புரத அளவைக் காட்டிவிடும். ஈரப்பதம் பார்க்கும் மேசையிலேயே அதையும் வைக்கலாம். முறுக்கைப் பார்க்க, குவியலுக்கு ஒரு மாதிரி எடுத்து மாவட்டத்தில் ஒரு கூடத்தில் குலுக்கிப் பார்த்தால் போதும். கொள்முதல் விதிகளைத் திருத்தும் இடத்தில் இருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அடுத்த பருவத்துக்கான படிவத்தில் ஈரப்பதத்துக்கு அடுத்த கட்டத்தில் புரதத்தையும் சேருங்கள். கூடுதலாக விளைவிப்பவருக்குக் கூடுதல் விலை கொடுங்கள்.